ஞாயிற்றுக்கிழமை, சலவை அறை

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடக்கூடாது.
வீட்டு விதிகள், மூன்றாம் பக்கம், ஆறாவது பத்தி.
அதனால்தான் சொன்னேன்:
அன்றைக்கு அந்த அறை சும்மாதானே கிடக்கிறது.

பீல் நகரத்தில், மெட் பகுதியில்,
இருபத்திரண்டு கதவுள்ள கட்டடம்.
கீழ்த்தளத்தில் இரண்டு மெஷின், ஒரு ட்ரையர்,
சுவருக்குச் சுவர் ஒன்பது கயிறு,
யார் எப்போது துவைப்பது என்றொரு பட்டியல்,
அதில் பெயர் எழுத
நூலில் கட்டித் தொங்கும் பென்சில்.
பட்டியலை மீறியவருக்குப் படியில்
வணக்கம் கிடையாது.

மூன்றாம் மாடி சொலாஞ்ச் களிமண்ணில் காது செய்கிறவள்.
காது மட்டும். ஏனென்று கேட்டால்,
முகம் பொய் சொல்லும் என்பாள்,
காதுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லையாம்.
முதல் மாடி தெஸ்ஃபாய் பேருந்து ஓட்டுகிறான்.
சிவப்பு விளக்கில் நிற்கும்போது கண்ட கைகளை
இரவில் கரித்துண்டால் வரைகிறான்.
மிதுஷாவுக்குப் பதினாறு. என்ன செய்கிறாள் என்று
கடைசிவரை வாய் திறக்கவில்லை.
நான் கடிகாரத் தொழிற்சாலையில் பல்சக்கரம் துலக்குகிறவன்.
கழித்துப்போட்ட தரச்சோதனைத் தாளின் பின்புறம்
நீர்வண்ணத்தில் ஏரி வரைகிறேன்.
நாற்பது படம். எல்லாம் ஒரே ஏரி.

அனுமதிக் கடிதம் நாலு தடவை போய் வந்தது.
ஈரம், என்றார் கட்டடக் காப்பாளர் கேர்பர்.
பிறகு காப்புறுதி.
பிறகு, கடிதத்தில் தேதி இல்லை.
நாலாம் தடவை கையெழுத்து வைத்து
கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்:
ஞாயிறு ஆணி அடிப்பதற்கும் தடை.

சரி. கயிறு இருந்தது, கிளிப் இருந்தது.
தெஸ்ஃபாயின் கைகள் ஒரு கயிறு முழுக்கத் தொங்கின,
யாரையோ மறித்து நிறுத்துவதுபோல.
காதுகளை மெஷினுக்குள்ளேயே வைத்தோம்,
வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்.

மிதுஷா ஒரு பையோடு வந்தாள்.
நாற்பத்தொரு காலுறை. எல்லாம் ஒற்றை.
ஒரு வருடமாக இந்த அறையில் தவறியவை.
ஒவ்வொன்றின் கீழும் சீட்டு:
மார்ச் 9, ட்ரையருக்குப் பின்னால்.
ஓகஸ்ட் 30, வாசற்படி, மழை.

சனம் வந்தது. கோப்பி, ரோல்ஸ், தெஸ்ஃபாய் வீட்டு ரொட்டி.
ஏரியை மூன்று பேர் பார்த்தார்கள்.
அதில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.
மற்றவர்கள் காலுறைகளை விட்டு அசையவில்லை.
பிறகு ஐந்தாம் மாடி அம்மாள் கையை நீட்டி
ஒன்றைக் கழற்றினாள்:
"இது என்னுடையது."

மிதுஷா பாய்ந்தாள். தொடாதீர்கள், இது படைப்பு.
"படைப்பாகவே இருக்கட்டும், பிள்ளை.
இதன் சோடி மேலே தனியாகக் கிடக்கிறது."
அறை இரண்டு கட்சியானது.
சொலாஞ்ச் ஜெர்மனில் கத்தினாள்.
அவளுக்கு ஜெர்மன் தெரியுமென்று
பதினோரு வருடமாக எனக்குத் தெரியாது.
மிதுஷா வெறும் கிளிப்பையும்
அதன் கீழ் ஆடும் சீட்டையும் பார்த்தபடி நின்றாள்.
போய், பட்டியல் பென்சிலை நூலிலிருந்து அறுத்தாள்.
சீட்டில் எழுதினாள்:
வீடு போனது, 3.20.

ஐந்து மணிக்குள் இருபத்தேழு வீடு போயின.
என்னுடையதும் ஒன்று, குதிகால் ஓட்டையோடு,
நவம்பர் 2, தரையில்.
எல்லார் முன்னாலும் வாங்கிக்கொண்டேன்.

ஆறு மணிக்குக் கேர்பர் பூட்ட வந்தார்.
கைகளைப் பார்த்தார். காதுகளைக் குனிந்து பார்த்து
மெஷினின் ரப்பர் வளையத்தில் அழுக்கு என்றார்.
பென்சில் எங்கே என்று மட்டும்
இரண்டு தரம் கேட்டார்.

திங்கள் காலை ஏழு மணி அவருடைய முறை.
ஓர் ஏரியை மறந்துவிட்டிருந்தேன், ஓடினேன்.
இந்தப் பக்கம் அவருடைய சட்டைகள், அந்தப் பக்கமும்.
நடுவில் ஏரி. கழற்றவில்லை,
ஒரு சாண் இடம்கூட விட்டிருந்தார்.
ஆனால் ஆவியில் நீலம் இளகி
தாளின் ஓரம் தாண்டிவிட்டது.
ஒரு சொட்டு, பக்கத்து வெள்ளைச் சட்டையின் கையில்.
அவர் இன்னும் பார்க்கவில்லை.
படியில் செருப்புச் சத்தம்.