மேக்கணக்கு, பணியக்கணக்கு

மே மாதம் தொட்டுப் பதினோரு ஞாயிறு மழை.
பதினோரு ஞாயிற்றையும்
ஸ்டோரில் தூள் மூட்டை அடுக்குவதுபோல
ஆகஸ்ட் கடைசிக்குள் அடுக்கச் சொல்கிறார்கள்.
நான் லீக் செயலாளர். சம்பளமில்லை.
ஒரு ரப்பர் முத்திரை,
நுனி கடித்த பென்சில்.

பொகவந்தலாவையில் எங்களுக்கு ஒரே மைதானம்.
அதிலும் செவ்வாய் பள்ளிக்கூடத்துக்கு,
வெள்ளி கிரிக்கெட்காரர்களுக்கு,
போயாவுக்கு யாருக்கும் இல்லை.
மிச்ச நாளில் பதினான்கு அணி,
இருபத்தாறு ஆட்டம்.
வாரத்துக்கு நாலு ஆட்டம் என்று எழுதிப் பார்த்தேன்.
பேப்பர் தாங்கியது.

தவசீலன் தாங்கமாட்டான்.
பணியக்கணக்குக் கீப்பர், மருந்தடிக்கிற ஆள்.
பதினாறு லீட்டர் டாங்கியை இறக்கிவிட்டு
அதே தோளோடு கோலுக்குள் நிற்பான்.
புதன்கிழமை ஆட்டமென்றால் அரைப்பேர்தான்.
"அரைப்பேருக்கு எத்தனை கோல் விடலாம், அண்ணே?"

மேக்கணக்கு மரியநாயகத்துக்கு
கொழும்பு ஐந்துலாம்புச் சந்தியில் இரும்புக்கடை வேலை.
சனி இரவு பஸ்ஸில்
பூட்ஸைத் தலைக்கு வைத்துத் தூங்கி வருவான்.
ஞாயிறு மட்டும்தான் அவனுக்கு இடது கால் உண்டு.

இதற்கிடையில் ஹட்டனிலிருந்து கடிதம்.
மறுசீரமைப்பு.
அந்தச் சொல் சோற்றுக்கல் மாதிரி
வாயில் கிடந்து உருண்டது.
பதினான்கு எட்டாகும்.
ஒரே தோட்டத்தில் இரண்டு அணி கூடாது.
கூடாது என்பதற்குக் கீழே கோடு.

கணக்கு என்றால் எங்களுக்கு
கூட்டிக் கழிப்பது ஒன்று,
பிறந்த டிவிசன் மற்றது.
மேக்கணக்கையும் பணியக்கணக்கையும் கூட்டினால்
என்ன வருமென்று
எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

ஒரே கோயில், ஒரே பெரட்டுக்களம்.
ஆனால் ஒரு பெனால்டி இருக்கிறது,
இரண்டாயிரத்து ஒன்பதில் கொடுத்தது.
கொடுத்த நடுவர் மலையிறங்கி
நீர்கொழும்பில் வீடு கட்டிவிட்டார்.
பெனால்டி இங்கேயேதான் இருக்கிறது.

வாசிகசாலையில் கூட்டம் போட்டோம்.
புதுப் பேருக்கு ஒரு மணித்தியாலம்,
ஜெர்சி நிறத்துக்கு இரண்டு.
பச்சை வேண்டாம்,
கொழுந்து பார்த்தே கண் புளித்துவிட்டது
என்றார் குணரத்தினம்.
கோலுக்கு யார் என்று கேட்டதும்
இரண்டு கீப்பர்களும்
தேத்தண்ணி குடிக்க வெளியே போனார்கள்.

எப்படியோ முடித்தோம்.
ஒரு நாளைக்கு மூன்று,
இருட்டினால் லொறி லைட்டில் மிச்சம்.
கடைசியில் நின்றது ஒரே ஆட்டம்,
மூன்று தரம் மழையில் கரைந்தது:
மேக்கணக்கு எதிர் பணியக்கணக்கு.
கடிதப்படி இரண்டும் இப்போது ஒரே அணி.
புள்ளியும் இல்லை, கப்பும் இல்லை.
அழித்துவிடு என்றது ஹட்டன்.
பென்சிலைத் திருப்பிப் பிடித்தேன்.
"அழிச்சிப் பாருங்க" என்றான் தவசீலன்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று, நாலே காலுக்கு விசில்.
நாலரைக்கு மூட்டம் இறங்கியது,
யாருடைய அனுமதியும் இல்லாமல், இரு பக்கத்துக்கும்.
அதற்குப் பிறகு ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை.
கேட்டோம்.
ஒரு உதை, சேறு, ஒரு கெட்ட வார்த்தை,
யாரோ யாரிடமோ மன்னிப்புக் கேட்பது.
எங்கோ அந்த இடது கால் வெடித்தது.

கோல் என்றது மேக்கணக்கு.
கம்பத்துக்கு வெளியே என்றான் தவசீலன்.
"எனக்கு என்ட கையே தெரியல்ல"
என்றார் நடுவர் ரிஸ்மி.
பந்து ஏழாம் நம்பர் மலைக்குள் போயிருந்தது.
வேறு பந்து இல்லை.
இருபத்திரண்டு பேரும்
போன் வெளிச்சத்தில் ஒன்றாகத் தேடினார்கள்,
எது யாருடைய ஜெர்சி என்று தெரியாத சேற்றோடு.

திங்கள் பகல் நிறுவையில்
செல்வமலர் சாக்கைக் கொட்டினாள்.
கொழுந்தோடு பந்தும் விழுந்தது.
கம்பத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா,
எங்கே எடுத்தாய் என்று சுற்றி நின்று கேட்டோம்.
"செடிக்கடியில" என்றாள்.
"பந்துக்குன்னு என் கணக்குல கழிச்சிராதீங்க."

கணக்கப்பிள்ளை ஒரு கிலோ கழித்தார்.
பந்துக்கு அரை,
ஈரத்துக்கு அரை.