தோன்றா எழுவாய்

அதிகாரம் மூன்றாகப் பிரிந்திருக்கும் என்று
ஏட்டில் எழுதிவைக்காத நாடு குறைவு.
சிலியில் அந்தப் பிரிவினைக்குத் தூரமும் உண்டு:
ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர்.
சந்தியாகோவில் அதிபர் மாளிகை, உச்ச நீதிமன்றம்.
இரண்டு சுரங்கப்பாதை, திராட்சைத் தோட்டங்கள்,
சுங்கச்சாவடி, எல்லாம் தாண்டி
வல்பராய்சோவில் நாடாளுமன்றம்,
கடற்காற்றில் துருப்பிடித்துக்கொண்டு.

அந்த வழியாகத்தான் காலையில் வந்தார்
பொதுப்பணி அமைச்சர் பல்தோமேரோ இராரத்.
சுங்கச்சாவடியில் அவர் காரும் நின்றது.

செனட்டில் ஐம்பது இருக்கை.
நடுவில் ஒரு சின்ன மேசை,
சுருக்கெழுத்தாளர் நோல்ஃபா கத்ரிலேயோ.
இருபத்தாறு வருடமாகப்
பொய்க்கும் மெய்க்கும் ஒரே பென்சில்.
இருமலை எழுதுவதில்லை.
கைதட்டலை அடைப்புக்குறிக்குள் போடுவாள்.
மௌனத்துக்குத்தான் இன்னும் ஒரு கோடு பிடிபடவில்லை.

மேலே பார்வையாளர் வரிசையில் செனோபியா தாப்பியா.
வடக்குப் பாலையிலிருந்து இரண்டு இரவு பேருந்தில் வந்தவள்.
கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டியை
வாசல் காவலர் வாங்கி வைத்துக்கொண்டார்.
அவைக்குள் திரவம் கூடாது.
அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் இருப்பதாக
ஆய்வுக்கூடம் மார்ச்சில் எழுதியது.
ஆகஸ்டு வரை ஊர் குடித்தது.

அமைச்சர் பேசினார்.
தாமதம் ஏற்பட்டது.
தகவல் போய்ச்சேரவில்லை.
முடிவு எடுக்கப்பட்டது.
கோப்பு நகர்த்தப்பட்டது.
ஆளே இல்லாத வீட்டில்
கதவுகள் திறந்து மூடுவதைப்போலப் பேசினார்.
பென்சில் பின்னாலேயே ஓடியது.

ஒரு செனட்டர், தெற்கத்திக்காரி, சளி பிடித்த குரலில் கேட்டாள்:
"அறிக்கையை ஓரமாக வைக்கச் சொன்ன
ஏப்ரல் ஒன்பதாம் தேதிக் குறிப்பு.
அடியில் இருப்பது யாருடைய மை?"

அவர் முன்னால் இருந்த கண்ணாடிக் குவளையை எடுத்தார்.
குடித்தார்.
மேலே ஒருத்தி அந்தத் தொண்டையையே பார்த்திருந்தாள்.

"கையெழுத்திட்டேன்."

ஒரே சொல்.
'நான்' கூடக் கிடையாது அதில்.
ஆனாலும் வந்துவிட்டார்,
அத்தனை நேரம் வாக்கியங்களுக்கு வெளியே நின்றவர்,
வினையின் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே.
வாலை மட்டும் வெட்டிப் பார்த்தால்
அது 'ஏன்' என்கிறது.

மாலையில் வாக்கெடுப்பு.
பதவி நீக்க இருபத்தாறு வேண்டும்.
இருபத்தைந்து விழுந்தது.
தெற்கத்திக்காரி மூக்கைச் சிந்தினாள்.
இதையும் நோல்ஃபா எழுதவில்லை.

இரவு எட்டு மணிக்கு, அமைச்சகத்து ஆலோசகர்
ஒரு தாளோடு அவள் அறைக்கு ஏறி வந்தார்.
நல்ல கோட்டு. பணிவான பேச்சு.
"கையெழுத்திடப்பட்டது என்று இருக்கலாம், அம்மா.
பொருள் மாறவில்லையே. தெளிவுக்காகத்தான்."

அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டாள்:
"கார் கீழேதானே நிற்கிறது?"
"ஆமாம்."
"சந்தியாகோ போகிற வழி தெரியுமில்லையா?"

அவர் போன பிறகு கை நடுங்கியது.
சீவல் எல்லாம் மடியில்.
ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம்.

சந்தியாகோ நீதிபதி ஒருவர்
சான்றளித்த நகல் கேட்டு எழுதியது
பதினோரு நாள் கழித்து.
அவள் முத்திரை குத்தினாள்.
சாதாரண அஞ்சல் வண்டியில் போனது,
அதே இரண்டு சுரங்கத்தின் வழியாக.
அதற்குப் பின் என்ன ஆகுமென்று
இதை எழுதும் எனக்கும் தெரியாது.

வாக்கெடுப்பு முடிந்த அந்த மாலைக்குத் திரும்புகிறேன்.
வாசலில் காவலர் புட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.
கழுத்தில் ஒரு சீட்டு கட்டியிருந்தது:
பொருள், திரவம்.
கொண்டுவந்தவர், செனோபியா தாப்பியா.
வாங்கி வைத்தவர், காவலர் அனிசேத்தோ வேரா.
நேரம், கையெழுத்து.

அந்தக் கட்டடத்தில் அன்று
இவ்வளவு முழுமையாய் எழுதப்பட்ட வாக்கியம்
வேறொன்றும் இல்லை.
அவள் சீட்டைக் கழற்றவில்லை.
பேருந்து நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.