வெளியே நின்ற கார்

பதினோரு வருடம் பேராயர் வில்ஃப்ரிட் கார்த்துக்குக்
கார் ஓட்டினேன். ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை.
அவர் உள்ளே போவார். நான் இஞ்சினை அணைத்துவிட்டு
குதிரைப் பந்தயப் பக்கத்தைப் பிரிப்பேன்.
ஆகவே இந்த வரலாறு
காருக்குள்ளிருந்து தெரிந்த அளவுக்குத்தான்.

பின்சீட்டில் அங்கி. டிக்கியில் மேய்ப்பர் கோல்,
மூன்று துண்டாகக் கழற்றி
தூண்டில் பையில் சுற்றியது.
கடலோரச் சாலையில் ஒருநாள் போலீஸ்காரன் மறித்தான்:
"சால்மன் பிடிக்க உரிமம் இருக்கா?"
"மனுஷரைப் பிடிக்க மட்டும்" என்றார் பின்னாலிருந்து.
அவன் சிரிக்கவில்லை.
அவன் அப்பாவும் என் அப்பாவும்
வேலைநிறுத்த வருடத்தில் எதிரெதிரே நின்றவர்கள்.

அந்த வருடம் இவர் ஈஸ்ட்கார் சுரங்க ஊரின் வெறும் குருவானவர்.
கோவில் மன்றத்தில் உருளைக்கிழங்கு உரித்தாராம்.
"தோலோடு பாதிக் கிழங்கும் வாளிக்குள் போகும்,
சமையலுக்கு ஆகாத மனுஷன்" என்பாள் அம்மா,
"ஆனால் ஒருநாள் வராமல் இருந்ததில்லை."
அவருடைய அப்பா கூண்டு இறக்கும் இயந்திரக்காரர்.
முந்நூறு பேரைக் காலையில் பூமிக்குள் விட்டு
சாயங்காலம் எண்ணி ஏற்றுகிறவர்.
மகனும் அதே வேலைக்கு வருவான் என்று நினைத்தார்களாம்.
வந்தாரோ என்னவோ.

யார்க்கில் பேராயராக்கிய அன்று
தலைமேல் ஏழெட்டுப் பேர் கைவைத்து அழுத்தினார்கள்.
"ஆவியானவர் இறங்கினாரா?" என்றேன்
திரும்பும் வழியில், குறும்புக்கு.
"கழுத்து வலிக்கிறது, மிஸ்டர் டாட்ஸ்."
மருந்துக் கடையில் நிறுத்தினோம்.

கட்ட வந்தவர் இல்லை, மூட வந்தவர்.
சுரங்கம் போனது, கப்பல் பட்டறை போனது,
தபாலாபீஸ் போனது,
மிச்சத்துக்குக் கையெழுத்துப் போட இவரைப் பிடித்தார்கள்.
இருபத்திரண்டு கோவில்கள்.
புனித ஹில்டா கம்பளக் கடை ஆனது.
புனித பீட் கோவில் சுவரில்
பிள்ளைகள் இடுப்பில் கயிறு கட்டி ஏறுகிறார்கள்;
"பரலோகத்துக்குப் பாதி தூரம்" என்பார், கடக்கும்போதெல்லாம்.
இன்னொன்று வீடாகிவிட்டது.
பலிபீடம் இருந்த இடத்தில் ஃபிரிட்ஜ்.
வீட்டுக்காரி எங்கள் டீக்குப் பால் எடுக்கக் கதவைத் திறந்தாள்,
உள்ளே விளக்கு எரிந்தது,
இவர் எழுந்து நின்றுவிட்டார்.
பழக்கம்.

கையெழுத்து உலருமுன்
எந்த ஊரிலும் ஒருத்தி காருக்கு வந்து திட்டுவாள்.
என் அம்மாவைப் புதைத்தது இங்கே,
என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நீரே.
கண்ணாடியை இறக்கச் சொல்வார். ஜனவரியிலும்.
அவள் முடித்தபிறகுதான் ஏற்றலாம்.

ஈஸ்ட்கார் கடைசி.
பிப்ரவரி. பனி சாலையை அடைத்து
எங்கள் காருக்குப் பிறகு எதுவும் வரவில்லை.
ஹீட்டர் செத்திருந்தது.
இல்லாவிட்டால் நான் உள்ளே போயிருக்க மாட்டேன்,
இதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன்.
கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், தொப்பியைக் கழற்றாமல்.

"கர்த்தர் உங்களோடிருப்பாராக" என்றார்
இருநூறு பேருக்குப் போதுமான குரலில்.
பதில் ஒன்று உண்டென்று தெரியும்.
என்னவென்று தெரியாது.
காத்திருந்தார்.
கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது.
"உங்களுக்கும் அப்படியே, சார்."

கிட்டத்தட்ட அதுதான் என்று காரில் சொன்னார்.
பூட்டிய சாவியை என் பக்கத்து இருக்கையில் வைத்தார்.
முழங்கை நீளம்.
வளைவுகளில் அது நகர்ந்து நகர்ந்து
கியர் கம்பியில் இடித்தபடியே வந்தது.
இருவரும் எடுத்து நேராக வைக்கவில்லை.

ஓய்வுக்குப் பின் லீக்ஸ் வளர்த்தார்.
தொழிலாளர் மன்றப் போட்டியில் மூன்றாம் பரிசு.
அட்டையில் வெறும் டபிள்யூ. கார்த்.
யார்க்கில்கூட அந்த முகத்தைப் பார்த்ததில்லை நான்.
இரண்டாம் பரிசு எனக்கு.
என் லீக்ஸைக் குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.
"உரம் என்ன, மிஸ்டர் டாட்ஸ்?
பாவ அறிக்கை மாதிரி. வெளியே போகாது."
சொல்லவில்லை.
அடுத்த செப்டம்பருக்கு இருந்திருந்தால்
சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க மாட்டேன்.