ஜல்லி வேகன்

மண் சரிந்ததால் பயணிகள் வண்டி ரத்து.
ஹில்குரோவுக்கு இறங்குவது
ஜல்லி ஏற்றிய இரண்டு வேகன்கள் மட்டும்.

எஞ்சின் கீழே, பல்சட்டத்தைக் கடித்தபடி.
அதையடுத்து நான். எனக்கு மேலே பெள்ளி.

ஒரு கூவலுக்கு இறுக்கு,
இரண்டுக்குத் தளர்த்து.
மூடுபனியில் எண்ணிக்கை கரைகிறது:
இப்போது கேட்டது ஒன்றா, ஒன்றரையா?

பெள்ளி எப்போதும் அரைச்சுற்று கூடுதலாக இறுக்குவான்.
கட்டை தேய்கிறதென்று ஃபிட்டர் திட்டுவார்.
மேலிருந்து அந்தக் கருகல் வாசனை வந்தால்தான்
எனக்குக் கால் தரிக்கும்.

வேகன் பக்கத்தில் வெள்ளை எழுத்து:
காலி எடை இவ்வளவு, பாரம் இவ்வளவு.
ராத்திரி மழை குடித்த ஜல்லிக்கு
யாரும் எழுதவில்லை.
மணிக்கட்டு சொல்லும்.

சரிவருகே நின்றோம். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தோம்.
கதவைத் தட்டியதும் கல் கொட்டியது.
வில்தட்டுகள் முனகி
ஒரு விரற்கடை எழும்பின.

“காலிதான், விடுடா” என்றேன்.
பெள்ளியின் கை
இன்னும் பிரேக்கில்.