நான்காயிரம் ஹெர்ட்ஸ்

பெண்டில் ஹில்லில் எங்கள் ஸ்டூடியோ
அம்மாவின் அலுமாரி.
சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று
கண்டுபிடித்தது நான்தான்.
கூறைக்கும் குளிர்கோட்டுக்கும் நடுவே
மைக்கைக் கட்டித் தொங்கவிட்டோம்.
ஒருவர் உள்ளே. மற்றவர்கள் கட்டிலில்,
மூச்சை அடக்கிக்கொண்டு.
அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும்
பூச்சி உருண்டை மணக்கும்.

கஜீபன்,
தமிழ்ப்பள்ளியில் எதுகைக்குப் பூச்சியம் வாங்கியவன்,
அலுமாரிக்குள் வாயைத் திறந்தால்
இரண்டாம் எழுத்துகள் தாமாக வந்து வரிசையில் நிற்கும்,
பிளாக்டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும் சனம்போல.
இல்லை, அதைவிட ஒழுங்காக.
தெவீற்றா டொங்காக்காரன், தேவாலயக் குரல்.
தமிழில் அவனுக்குத் தெரிந்தது ஏழு சொல்,
அதில் ஐந்து வீட்டில் சொல்ல முடியாதவை.
எழுதியவள் நிரோசினி,
சூப்பர்மார்க்கெட் கல்லாவில் நின்றபடி
ரசீதுகளின் முதுகில்.

ஏற்றினோம்.
முதல் கிழமை நாற்பத்தொரு பேர். அதில் ஒன்பது நான்.
பிறகு பிரேசிலில் யாரோ ஒருத்தி
பதினான்கு விநாடியை வெட்டியெடுத்து
தன் நாயைக் குளிப்பாட்டினாள்.
அவ்வளவுதான்.
உலகமே நாய் குளிப்பாட்டியது.

பதினான்கு விநாடியும் கஜீபனின் குரல்.
மெல்பேர்ணிலிருந்து ஒப்பந்தம் வந்தது,
முப்பத்திரண்டு பக்கம், ஒருவனுக்கு மட்டும்.
கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தான்.
கையெழுத்து வைக்கிற இடம் அங்கேதான் இருந்தது.

தெவீற்றாவுக்கு மேடை மூன்று தடவை கிடைத்தது.
மூன்று தடவையும் மண்டபக்காரருக்குப்
பொலிஸ் தொலைபேசி எடுத்தது.
இப்போது பில்பராவில் இரும்புச் சுரங்கம்,
இரண்டு கிழமை அங்கே, ஒரு கிழமை இங்கே.
இரவில் தகரக் கொட்டிலில் பாடி
முகம் காட்டாமல் ஏற்றுகிறான்.
பின்னுக்கு வரும் லொறியின் பீப் பீப்பும் அவன் தாளத்தில் விழும்.
ஆறாயிரம் பேர் கேட்கிறார்கள்.
கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

நிரோசினியைச் சென்னையில் கேட்டார்கள்:
நாலு வரி போதும், ஃபாரின் மாதிரி இருக்கணும்,
யாழ்ப்பாணத்தைக் கொஞ்சம் குறைச்சு.
குறைக்கவில்லை.
இன்று யார் யாரோ பாடுகிற வரிகளை எழுதுகிறாள்,
விரலால் தள்ளித் தள்ளிப் போனால்
ஏழாவதாக அவள் பெயர்.
கவலையில்லையா என்று கேட்டேன்.
"மேடையைக் கண்டாலே எனக்கு வயித்தால போகும்,
மறந்திட்டியா?"
புதுக் காரில் என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டாள்.

நான் காது பார்க்கிறேன், வெஸ்ட்மீட்டில்.

போன செவ்வாய் கஜீபன் வந்தான்.
மெல்பேர்ண் அவனை இரண்டு வருடம் வைத்திருந்து
ஒரு மின்னஞ்சலில் இறக்கிவிட்டது.
இப்போது சாமத்திய வீடுகளுக்கு மைக் பிடிக்கிறான்.
கேக் வெட்டியதும் பிள்ளைகள் அந்தப் பதினான்கு விநாடியைக் கேட்பார்களாம்.
பாடுவானாம்.
பதினைந்தாவது விநாடியில் டிஜே வேறு பாட்டுப் போட்டுவிடுவானாம்.

ஒலிபுகா அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்தினேன்.
"அலுமாரி மாதிரியே இருக்கடி."
சேலைதான் இல்லை என்றேன்.
சத்தம் கேட்டால் பொத்தானை அமர்த்து.
வலது காது சுகம்.
இடதில் நான்காயிரத்துக்கு வந்ததும்
கோடு படியில் சறுக்கியவன்போல விழுந்தது.
கறுப்பாக இரண்டு தரம் கீறினேன்.

"என்ன போகும்?"
உயிரெழுத்தெல்லாம் கேட்கும்.
மெய்யெழுத்துதான் முதலில் போகும்.
த், ச், க். சொல்லின் ஓரங்கள்.
அவன் சிரிக்கவில்லை.
"என்ர வேலையே ஓரத்திலதானே."

இன்னொருக்கால் பார்ப்போம் என்று
ஒலியை அனுப்பினேன், குறைத்தேன், நிறுத்தினேன்.
என் பக்கத்து விளக்கு எரிந்தது.
ஒலி இல்லை. எரிந்தது.
இரண்டு, இடைவெளி, ஒன்று, விரைவாக மூன்று.
பிழையான பதில் என்று குறிக்க வேண்டும், விதி அது.
கண்ணாடிக்கு அப்பால் கண்ணை மூடியிருந்தான்.
பேனையை மூடி வைத்துவிட்டு எண்ணினேன்.
பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு.
விளக்கு நிற்கவில்லை.
தெவீற்றா உறுமத் தொடங்குகிற இடத்துக்கு,
யாரும் வெட்டியெடுக்காத இடத்துக்குப்
போய்க்கொண்டிருந்தது.