பூஜ்யம் புள்ளி ஐந்து எட்டு

டோக்கொரோவாவில் காலை ஆறே முக்கால்.
காகித ஆலையின் புகை
பைன் மரங்களுக்கு மேல் எழ மனமில்லாமல்
ஊருக்குள்ளேயே படுத்திருக்கிறது.
இரத்தம் எடுக்கும் அறையை நான் திறக்குமுன்
வாசலில் தங்கீயா.
ஒரு காலில் பூட்ஸ்,
மறுகாலில் மனைவியின் ரப்பர் செருப்பு.

சிரிக்காதே, என்றான்.
நான் சிரிக்கவில்லை.
ஆலை முழுக்க ஏற்கெனவே சிரித்து முடித்திருந்தது:
பீர்க்காரன் கால், ராஜா வீட்டு நோய்,
கட்டை விரலுக்கு விடுப்பு கேட்கும் நூற்றுப்பத்து கிலோ ஆள்.
அவன் குடியை விட்டுப் பதினோரு வருடம்.
அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று
சொல்லாமல் விட்டவன்.

போர்வை உரசினால் உயிர் போகிறது, என்றான்.
பூனை கட்டிலில் ஏறினால் போகிறது.
பக்கத்து அறையில் யாராவது கதவைச் சாத்தினால்கூட.

நரம்பு எளிதாய்க் கிடைத்தது.
குழாயில் ஏறிய இரத்தம்
எல்லார் இரத்தமும் போலத்தான்,
கருஞ்சிவப்பாய், வெதுவெதுப்பாய்.
கரைந்திருக்கும்வரை அந்த உப்பு
யார் கண்ணுக்கும் தெரியாது.
மிஞ்சினால்தான் ஊசியாகும்.
குளிர்ந்த இடம் தேடிப் போய்
இதயத்துக்கு வெகு தூரத்தில்
ஒரு மூட்டில் உட்காரும்.

பூஜ்யம் புள்ளி ஐந்து எட்டு.
பச்சை மையால் வட்டமிட்டேன்,
சிவப்பு தீர்ந்திருந்தது.

ஏழாம் நாள் வலி போனது.
வலியோடு எண்ணும் போய்விட்டதாய் நினைத்துக்கொண்டான்.
மருந்துச் சீட்டு வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே
வெயிலில் வெளுத்தது.
அடுத்த தடவை மச்சினனின் முதுகுவலி மாத்திரை,
அதற்கடுத்த தடவை இரண்டிரண்டாய்.
நடப்பதை விட்டான்.
கால்தானே, என்றான்.
கால்தானே, என்றோம் எல்லாரும்.

ஆகஸ்டில் அவன் அக்காள் மகனுக்கு
முடிவெட்டுச் சடங்கு.
கூடத்தில் மரமேள ஒத்திகை.
தாளத்தை முதலில் பிடிப்பவன் தங்கீயாதான்.
அன்று ஓர் அடி பிந்தினான்.
பிறகு இரண்டு.
குச்சியைக் கீழே வைத்துவிட்டு
இடது தாடையைத் தடவினான்,
பல்வலிக்காரன் மாதிரி.
தெரெஆப்பி மட்டும் எழுந்தாள்.
மற்றவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள்,
அவன் ஏதோ புதுசாய் முயல்கிறான் என்று.

ஹாமில்டன் ஒரு மணி நேரத்துக்கும் மேல்.
இதயக் குழாயில் ஒரு கம்பிவலை,
விடிவதற்குள் இன்னொன்று.

அந்த உப்பா இதைச் செய்தது?
திரும்பி வந்தபின் டாக்டர் ரூத்வெனைக் கேட்டேன்.
பேனாவை மூடினார், திறந்தார்.
திருடன் நுழைந்த வீட்டில் ஒரு நாயும் இருந்தது.
நாய் குரைத்தது, அது நிச்சயம்.
திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் அதுதானா என்று
இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
ஆனால்
குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டுத்
தூங்கப் போனது நாம்.

தெரெஆப்பி கேட்டது வேறு:
நான் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சிப்பியா?
ஞாயிற்றுக்கிழமை டின் மாட்டிறைச்சியா?
கொஞ்சம், என்றார் அவர்.
அதிகம் பிறப்போடு வந்தது.
உங்கள் சிறுநீரகங்களுக்கு அந்த உப்பை
விட்டுக்கொடுக்க மனசு வராது.
அவள் அழுதாள்.
எத்தனை மாதமாய் அந்தச் சட்டி
அவள் தலைமேல் இருந்ததோ.

இப்போது மாதம் ஒருமுறை வருகிறான்,
இரண்டு காலிலும் பூட்ஸ்.
நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு. முப்பத்தைந்து.
எண்கள் இறங்குவதை
மீன்பிடிப்பவன் தக்கையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான்.
மேளத்தில் இன்னும் ஓர் அடி பிந்துகிறான்.
கூட அடிப்பவர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள்.

நேற்று இரவு என் தம்பி சமையலறைக்குள் வந்தான்,
சுவரைப் பிடித்துக்கொண்டு.
இருபத்தாறு வயது.
ரக்பியில் எவனோ மிதித்துவிட்டான், என்றான்.
சனிக்கிழமை மழையில்
ஆட்டமே நடக்கவில்லை.

சட்டைக் கையை மடக்கு, என்றேன்.

கால்தானே, என்றான்.