ஓர் எழுத்து

கொருக்குப்பேட்டை ரேஷன் கடையில்
பில் போடுகிறவள் நான்.
கார்டில் ஓர் எழுத்து கூடினால்
அரிசி போய்ச் சர்க்கரை வரும்.
கத்துகிறவர்களிடம்
நாளைக்கு நாற்பது முறை சொல்வேன்:
"எல்லாம் எழுத்துதாங்க, நான் இல்ல."

ஐந்தாம் மாதம்
கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில்
என் சீட்டில் யாரோ
சிவப்பு மையில் ஒரு பி எழுதி
வட்டம் போட்டிருந்தார்கள்.

அதுவரை எங்கள் தெருவுக்கு ஒரே சொல்தான்.
காமாலை.

தம்பி சேதுவுக்கு வந்தது ஆறாம் வகுப்பில்.
ஸ்கூல் வாசலில் ஐஸ் சர்பத் குடித்தவன்
எலுமிச்சையாய்த் திரும்பி வந்தான்.
மோரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம்.
அடுத்த மாதம்
மொட்டைமாடியில் காத்தாடி விட்டுக்கொண்டிருந்தான்.
"அது ஏ-வா இருக்கும். பெரும்பாலும் தானே போயிடும்,
இலை பேர் வாங்கிக்கும்"
என்றார் கவுன்சிலர் எஸ்தர் கலா.

ஜைத்தூனுக்கும் அதே மஞ்சள், அதே வாந்தி.
மழை விட்டு, குழாயில் சாக்கடை நாறிய வாரம்.
கீழாநெல்லி தெரிந்தவர்கள் நாங்கள்,
கொண்டுபோய்க் கொடுத்தோம்.
ஏழு மாத வயிறு அவளுக்கு.
நான்காம் நாள் என்னை யாரென்று கேட்டாள்.
ஆறாம் நாள்
அவள் புருஷன் மட்டும் ஆட்டோவில் வந்து இறங்கினான்,
கையில் அவள் செருப்பு.
அது ஈ-யாக இருந்திருக்கலாமாம்.
மொய்க்கிற ஈ என்றே முதலில் நினைத்தேன்.
நாங்களும் அதே தண்ணீர்தான்.
காய்ச்சினோமா?
எனக்கு ஞாபகமில்லை.

ஹார்பரில் கால் நசுங்கி
நாலு பாட்டில் ரத்தம் ஏற்றிக்கொண்ட லூர்து அண்ணனுக்கு
இருபது வருஷம் கழித்து வந்தது சி.
மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டார்.
இப்போது ரத்தத்தில் சி இல்லை.
டீக்கடையில் மட்டும் இன்னும் சீ,
தனி டம்ளர்.

டி என்று ஒன்று உண்டு. தனியாக வராது.
பி இருக்கிற உடம்பில்தான்
ஒண்டுக் குடித்தனம் இருக்கும்.
"உனக்கு அது இல்லம்மா" என்றார் எஸ்தர் கலா,
ஏதோ சலுகை போல.

எனக்குக் கண் மஞ்சளில்லை.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்களே,
நான் எல்லாவற்றையும் அதனதன் நிறத்தில் பார்த்தேன்.
பசி எடுத்தது. மூட்டைகளை எண்ணினேன்.
எப்படி வந்தது?

"பொறக்கும்போதே இருக்கலாம்.
அம்மா இருக்காங்களா?"

அம்மா.
வயிறு பானையாய் வீங்கி
ஸ்டான்லியில் கிடந்தாள்.
பார்க்க வந்தவர்கள் முந்தானையால் வாய் மூடி
"ரகசியமா ஊத்திக்கிட்டிருப்பா" என்றார்கள்.
சாராய நாற்றத்துக்கே தெரு மாறி நடப்பவள் அவள்.
பன்னிரண்டு வயதில்
நானும் அதை நம்பினேன்.
கட்டிலுக்கடியில் பாட்டில் தேடினேன்.

அம்மாவுக்கு யார் கொடுத்தது என்று கேட்டேன்.
எஸ்தர் கலா பேனாவை மூடினார்.
"அவங்களுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாங்க இல்ல."

ஏழாம் மாதத்திலிருந்து ராத்திரிக்கு ஒரு மாத்திரை.
மாமியார் எனக்கென்று
ஒரு தட்டும் டம்ளரும் ஒதுக்கி வைத்தார்.
தட்டில் தொற்றாது என்று சீட்டைக் காட்டினேன்.
சீட்டை யார் படிக்கிறார்கள், எங்கள் கவுண்டரிலேயே?
எண்ணூர் லாரி ஓட்டிவிட்டு
நடுராத்திரி வந்த தேசிங்கு
அந்த டம்ளரிலேயே தண்ணீர் மொண்டு குடித்தார்.
தெரிந்து குடித்தாரா என்று
நான் கேட்கவில்லை.
அவருக்கும் சோதித்தார்கள். இல்லை.
மூன்று ஊசி போட்டுக்கொண்டார்.

ராயபுரத்தில், விடியற்காலை, பெண்.
நாலு மணி நேரத்துக்குள்
இரண்டு தொடையிலும் ஊசி.
அப்படி ஒரு கத்தல் கத்தினாள்.
எனக்கு அழுகை வரவில்லை.
அம்மாவுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை,
எனக்கு யாரும் இந்த ஊசியைப் போடவில்லை என்று
கணக்குப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இன்னும் ஊசிகள் பாக்கி.
வருஷம் திரும்புவதற்குள்
அவள் ரத்தத்தை எடுத்துப் பார்க்கவேண்டும்.

"ஜோசியர் என்ன எழுத்து குடுத்தாரு?"
மாமியார் கேட்டார்.
எழுத்தே வேண்டாம் என்று வாய் வரை வந்தது.
பால் குடித்துக்கொண்டிருந்தாள்.
கொடுக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.